பொறுமையான வாடிக்கையாளர்

சர்வீஸ் சென்டர்களில் சொல்லப்படும் பொய்களிலேயே சோம்பேறித்தனமான பொய், "பார்ட் வரணும் சார்" என்பதுதான். மிக்ஸி ரிப்பேர் கடையிலிருந்து கார் கம்பெனி வரை எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் தலையெழுத்தே என்று திரும்பிப் போகிறார்கள். திருப்பதி பைபாஸ் ரோட்டில் ஒரு பைனாகுலர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எட்டு வருடமாக முன் கவுண்டரில் உட்காரும் கன்னிகா மட்டும் அதைச் சொன்னதில்லை. பார்ட் இருந்தால் இருக்கிறது என்பாள், மெக்கானிக் லீவு என்றால் லீவு என்பாள். கம்பெனியில் அவள் எழுதுவதை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. அந்த நல்ல பேர்தான் இந்த ஜூன் மாதம் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

வேட்டைக்குத் தடை போட்ட நாட்டில் வேட்டைச் சாமானுக்கு வாரண்டி கொடுக்கிற கம்பெனி அது. பெட்டியில் வேட்டை என்று அச்சடித்திருக்காது, 'இயற்கையை ரசிக்க' என்றிருக்கும். சூளூர்பேட்டைப் பக்கம் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பூஞ்சை பிடித்த பைனாகுலரோடு வருவார்கள். ரைபிள் கிளப்காரர்கள் ஸ்கோப்போடு வருவார்கள். மற்றவர்கள் துண்டிலோ சாக்கிலோ சுற்றிக்கொண்டு வருவார்கள். யார் எதை ரசிக்கிறார்கள் என்று கவுண்டரில் கேட்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அதற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, ரங்கையா வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் காணிப்பாக்கம் கோயில் குங்குமம். சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி, வெதுருகுப்பம் தாண்டி மலையடிவாரத்தில் மாந்தோப்பு. இத்தனையும் அவரே சொன்னதுதான், அலட்டலுக்காக அல்ல, அவள் விலாசம் எழுத வசதியாக இருக்கட்டுமே என்று. துண்டைப் பிரித்து ஒரு தெர்மல் ஸ்கோப்பை மேஜைமேல் வைத்தார். உடம்புச் சூட்டைப் பிடித்து, இருட்டில் உயிருள்ளதை வெள்ளையாகக் காட்டும் கருவி அது. துப்பாக்கிமேல் மாட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளி எங்கேயோ குண்டு அங்கே.

"தோப்புல பன்னித் தொல்லைம்மா. காவலுக்கு வாங்கினேன்," என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவரின் நிதானமான தமிழ். "பத்து நிமிஷம் பிரமாதமா காட்டுது. அப்புறம் மொத்தமும் வெள்ளையா போயிடுது. சரியான நேரம் பார்த்து காலை வாருது."

"வாரண்டி இன்னும் மூணு மாசம் இருக்கு சார். நாளைக்கே முடிச்சிக் குடுத்துடலாம்."

"மன்ச்சிதம்மா, நல்லது. அவசரம் ஒண்ணும் இல்ல. இருபத்திநாலாம் தேதிக்கு முன்னாடி கெடைச்சா போதும்."

இப்படி மரியாதையாகப் பேசுகிற ஆள் மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். கன்னிகா சிரித்த முகமாகவே ரசீது போட்டுக் கொடுத்தாள்.

புகாரைப் பதிவு செய்யும்போது கோளாறு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதியாக வேண்டும். அதற்காக, கருவிக்குள் பதிவாகியிருக்கும் கடைசி வீடியோவை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அவளும் ஓட்டினாள். முதலில் வெறும் பாறையும் செடியும். பிறகு ஒரு முயல். பிறகு இடது பக்கத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். தெர்மலில் முகம் தெரியாது, வெள்ளையாக ஒரு உருவம், அவ்வளவுதான். சிவப்புப் புள்ளி முயலை விட்டுவிட்டு அவன் நெஞ்சுக்குப் போனது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது. அவன் நின்று தண்ணீர் குடித்தபோது அதுவும் நின்றது.

ஐந்தாவது நிமிடத்தில்தான் அவள் அந்த நடையைப் பார்த்தாள். இடது தோளை இறக்கி, வலது கையை மட்டும் வீசி நடக்கிற நடை. பத்து வயதில் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்து, புத்தூரில் கட்டுப் போட்டும் சரியாகச் சேராத தோள் அது. அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவளே அவள்தான். அது அவளுடைய தம்பி சஞ்சய். மூன்று வருடமாக அந்த மலையில் வனத்துறையின் காட்டு வாச்சராக வேலை பார்க்கிறான்.

படத்தில் ஒரு குரல் கேட்டது. தெலுங்கில், மூச்சோடு மூச்சாக, "இன்னும் கிட்ட வரட்டும்" என்றது. சற்று முன் அவசரம் இல்லை என்று சொன்ன அதே குரல். சஞ்சய் கிட்ட வந்தான். திரை முழுக்க அவனே நிறைந்தான். அடுத்த நொடி எல்லாம் வெள்ளையாகி ஒன்றும் தெரியாமல் போனது. இருட்டில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். வீடியோ முடிந்தது.

கன்னிகாவின் கை பழக்கத்தில் எழுதியது: கோளாறு வரும் நேரம், ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி. எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கோளாறு இல்லையென்றால் தம்பி அன்றைக்கே போயிருப்பான். அதைத்தான் நாளைக்கே சரிசெய்து தருகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஸ்கோப்பை அப்படியே வைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

வாந்தி எடுத்து, முகம் கழுவி, பயம் அடங்கி வெளியே வருவதற்கு இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் மேஜை காலியாகியிருந்தது. உள்ளறையில் மெக்கானிக் முரளிதரன் ஸ்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதுல இருந்த வீடியோ?" என்றாள்.

"ரீசெட் அடிச்சிட்டேன்க்கா. எப்பவும் தொறக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிறதுதானே." அவன் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "உள்ள ஒரு ரிப்பன் ஒயரு லூசாக்கினு இருக்குது. சூடாச்சின்னா கழண்டுக்குது. நம்மகிட்ட ஸ்டாக் கீது. சாயங்காலம் ரெடி."

கன்னிகா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அந்த வீடியோவைத் தன் போனில் பிடித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்து கை பின்வாங்கியது, அதுதான் உண்மை. வேலை போய்விடுமோ என்று ஒரு நிமிடம் யோசித்த தன்னை அவளால் மன்னிக்க முடியவில்லை.

கடை வாசலில் நின்று சஞ்சய்க்குப் போன் போட்டாள். அவன் மலையிலிருந்து இறங்கி டீக்கடையில் இருந்தான். கன்னிகா பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"மாங்கூழ் ரங்கையாவா?" என்றான். "போன வருசம் கடமான் கறியோட ஒரு ஜீப்பப் புடிச்சேன்னு சொன்னேன்ல, அது அந்தாளு ஜீப்புதான்க்கா. அந்தாளும் உள்ளதான் குந்திக்கினு இருந்தாரு. கூட இருந்த ரெண்டு வாச்சருங்க இருட்டுல பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டானுங்க. பாத்தேன்னு நான் மட்டும்தான் சொல்றேன். இருபத்திநாலாந்தேதி சித்தூர் கோர்ட்டுல என் சாட்சி."

"டேய், லீவு போட்டுட்டு இங்க வந்துடுடா."

"லீவு குடுக்க மாட்டாங்க, ஆளு இல்ல. சாட்சி சொன்ன மறுநாளே எனக்கு திருப்பதி ஆபீசுக்கு மாத்தல் ஆர்டர் ரெடியா கீது. அது வரிக்கும்தான். ரேஞ்சர் சார்கிட்ட சொல்றேன், வீடியோவக் குடு."

"அழிஞ்சி போச்சுடா."

"அப்ப இன்னான்னு சொல்றது?"

வெள்ளையாகத் தெரிந்த ஒரு உருவம் என் தம்பிதான் என்று எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? சொன்னாலும் நம்புகிறவன் யார்? இருபத்துநான்கு நாள் அந்தக் காட்டில் இருட்டில் நடக்கப் போகிறவனுக்கு அக்காவால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்கோப் தன் அலமாரியில் இருக்கும்வரை தம்பி இருப்பான். காசுள்ள ஆள் இன்னொன்று வாங்க மாட்டானா என்றும் தோன்றியது. ஆனால் அந்தச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும், ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைக்கிறார்கள். வாரண்டியில் கிடைப்பதைத்தான் அவர் நம்பியிருக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே போய் முரளிதரனிடம், "அதுக்கு பார்ட் இல்லன்னு போடு," என்றாள்.

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "இன்னாக்கா, உன் வாயிலருந்தா இது வருது?"

காரணத்தைச் சொன்னாள். அவன் திறந்து கிடந்த ஸ்கோப்பை மூடினான். பிறகு கம்ப்யூட்டரில் 'பார்ட் வர வேண்டும்' என்று போட்டுவிட்டு, ஸ்கோப்பை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினான்.

முப்பது நாளுக்குள் சரிசெய்து தராவிட்டால் புதுசு தர வேண்டும் என்பது கம்பெனி விதி. இருபத்துநான்கு முப்பதுக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு ஆபத்துதான். வாடிக்கையாளர் கோபப்பட்டால் ஹைதராபாத் தலைமை ஆபீசிலிருந்து மறுநாளே போன் வரும், எந்த பார்ட், எங்கே ஆர்டர் என்று தோண்டுவார்கள். ஸ்டாக்கில் பார்ட் தூங்குவது அப்போது தெரிந்துவிடும். எனவே ரங்கையா எப்போது பேசினாலும், பேசி முடித்த கையோடு கன்னிகா கம்ப்யூட்டரில் அவரைப் பற்றி நல்ல வார்த்தையாக எழுதிவைத்தாள். வாடிக்கையாளர் மிகவும் பொறுமையானவர். நிலைமையைப் புரிந்துகொள்கிறார். காத்திருக்கச் சம்மதம். எட்டு வருடத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் அவள் இப்படிப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததில்லை.

அதில் கொடுமை என்னவென்றால், எழுதியது பொய்யும் இல்லை. அவர் நிஜமாகவே பொறுமையாகத்தான் இருந்தார். இரண்டு நாளுக்கு ஒருமுறை, சரியாகக் காலை பதினோரு மணிக்குப் போன் வரும். "நேனம்மா, ரங்கையா. வந்துச்சா?" என்பார். "சென்னை கஸ்டம்ஸ்ல நிக்குது சார்," என்பாள். "பரவாலேதும்மா," என்று வைத்துவிடுவார். குரல் உயர்ந்ததே இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

பத்தாம் தேதி நேரிலேயே வந்தார். மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் பைனாகுலர் வாங்கிக்கொண்டு போன பிறகு எழுந்து வந்தார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"புத்தூர் பக்கம் சார்."

"அனுகுன்னா, நினைச்சேன். வந்துக்கினு, போய்க்கினுன்னு பேசறீங்கள்ல. எங்க தோப்புக்கு மேல மலையில ஒரு வாச்சர் பையன் இருக்கான். அவனும் அச்சு அசல் இதே மாதிரிதான் பேசுவான்." மேஜைமேல் கிடந்த அவளுடைய பேனாவை எடுத்து ஸ்டாண்டில் செருகினார். "நல்ல பையன். பிடிவாதம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

தெரிந்து சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று கன்னிகாவால் அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவர் போன பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். வழக்கம்போல எழுதினாள்: நேரில் வந்தார். தாமதம் குறித்து எந்தக் குறையும் சொல்லவில்லை. மிகச் சிறந்த ஒத்துழைப்பு.

தினமும் காலையில் சஞ்சய் மலையிறங்கி டவர் கிடைத்ததும், இருக்கிறேன் என்று ஒரு போன் போடுவான். அந்தப் போன் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கும் புருஷன், "ஒடம்பு எதுனா சரியில்லையா உனக்கு?" என்று இரண்டு முறை கேட்டான். வெயில் என்று சொல்லி மழுப்பினாள். பதினாறாம் தேதிக்குப் பிறகு ரங்கையாவின் போன் நின்றது. அந்தப் பதினோரு மணி அழைப்பு வராத முதல் நாள், கன்னிகா திருமலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். மனிதர் வெறுத்துப்போய் விட்டுவிட்டார் என்றே நினைத்தாள். முரளிதரன்கூட, "தப்பிச்சோம்க்கா," என்று அன்றைக்கு இரண்டு டீ சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சஞ்சய் உற்சாகமாகப் பேசினான். "இன்னிக்கி ராவு ஒரு டூட்டி, நாளைக்கி ராவு ஒண்ணு. செவ்வாக்கெழம சித்தூருக்கு வந்துடுவேன். கோர்ட்டுக்குப் போட நல்ல சட்டை இல்லக்கா, மாமாவோடதுல ஒண்ணு எடுத்து வையி."

வெளிர்நீலச் சட்டை ஒன்றைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டுத்தான் திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, அவள் வேலைக்கு வந்தாள். சஞ்சயின் போன் இன்னும் வரவில்லை. பத்து மணிக்கு ஹைதராபாத்திலிருந்து ஸ்வர்ணலதா கூப்பிட்டாள். தலைமை ஆபீசில் வாடிக்கையாளர் பிரிவுக்கு அவள்தான் மேனேஜர், வேலூர்க்காரி.

"கன்னிகா, கங்கிராட்ஸ்! இந்த மாசம் ஏரியாவிலேயே உன் கஸ்டமர்தான் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கார். உன்னைப் பத்தி அவ்வளவு நல்லா எழுதியிருக்கார்."

"எந்தக் கஸ்டமர் மேடம்?"

"சித்தூர் ரங்கையா. உன் நோட்ஸ் எல்லாம் படிச்சேன். பதினஞ்சு நாள் பார்ட் வராம ஒரு மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லலன்னா, அவரை முப்பது நாள் காக்க வைக்கிறது நியாயமா? நானே மேல பேசி, பதினாறாம் தேதியே புது மாடல் ஒண்ணு அனுப்பச் சொல்லிட்டேன். அவருக்கும் போன்ல சொல்லிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கே டெலிவரி ஆயிடுச்சு. பழசைவிட ரெண்டு மடங்கு தூரம் காட்டும். உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

அவள் அதற்கு மேலும் ஏதோ பேசினாள். கன்னிகாவின் காதில் விழவில்லை. பதினைந்து நாள் தான் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எழுதியது எல்லாம் கண் முன்னால் வந்தது. யாரும் இரண்டாம் முறை சரிபார்க்காத அவளுடைய எழுத்து. கடையில் பூட்டி வைத்ததைத் தன் கையாலேயே புதுசாக்கி, நல்லதாக்கி, அந்த ஆளின் வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தன் தலையை அந்த மேஜையில் முட்டி உடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சஞ்சய்க்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். மறுபடி. காட்டு ஆபீஸ் நம்பருக்குப் போட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. "முரளி, வண்டிய எட்றா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பின்பக்கம் ஓடினான்.

கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரங்கையா வந்தார். தூக்கம் இல்லாத கண். குளித்து, புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார். கையில் கம்பெனி அனுப்பிய தாள் இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்மா. உங்களாலதான். புதுசு ரொம்ப பாகா உந்தி, நல்லா இருக்கு. நேத்து ராத்திரி முழுக்க பாத்தேன், ஒரு தடவைகூட படம் போகல." தாளை மேஜைமேல் விரித்தார். "புதுசு வாங்கிக்கிட்டேன்னு இங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கு முடியுமாமே. நாளைக்கி வேற வேலை இருக்கு, புதன்கிழமை கோர்ட்டுக்குப் போகணும். சாட்சி வரலன்னா அன்னிக்கே முடிஞ்சிடும்னு வக்கீல் சொல்றாரு. அதான் இன்னிக்கே வந்துட்டேன்."

கன்னிகாவின் கையிலிருந்த போன் அடித்தது. காட்டு ஆபீஸ் நம்பர். எடுத்தாள்.

"சஞ்சயோட அக்காவாம்மா?" ரேஞ்சரின் குரல் உடைந்திருந்தது. "காலையில டூட்டி முடிஞ்சி பையன் எறங்கலம்மா. தேடிக்கினு போனோம். நீங்க... வீட்டு ஆம்பளைங்க யாரையாவது கூட்டிக்கினு வாங்கம்மா."

ரங்கையா அவள் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். போன் அவள் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்ததும், ஸ்டாண்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"எங்கம்மா போடணும் கையெழுத்து?" என்றார்.